'வெறும் சுளுக்குதான்' என்று ஓடிக்கொண்டே இருக்கிறீர்களா? பாதத்துக்குள் ஒளிந்திருக்கும் மயிரிழை விரிசல்!

விடிகாலை ஐந்து மணி. மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளிக்குப் போகும் சாலை. ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள். தூரத்தில் துறைமுகத்து கிரேன்கள். கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு போகிற அந்தச் சாலையின் ஓரத்தில், இருட்டோடு இருட்டாக ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஒருவருக்குக் காவலர் தேர்வு. இன்னொருவருக்கு ராணுவ ஆள்சேர்ப்பு. மற்றொருவருக்கு மாவட்டத் தடகளப் போட்டி. எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் என்று வட சென்னை முழுக்க இதே காட்சிதான். மைதானம் கிடைத்தால் மைதானம், இல்லையென்றால் கடற்கரை, அதுவும் இல்லையென்றால் தார் ரோடு.

இவர்களில் ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 21. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களில் ஓடி முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வு முடியும் வரை புத்தகமே கதி என்று கிடந்தவன், ரிசல்ட் வந்ததும் ஓட ஆரம்பிக்கிறான். முதல் நாளே 3 கிலோமீட்டர். பத்தாம் நாள் 6. மூன்றாவது வாரம் காலை, மாலை என்று இரண்டு வேளை. நான்காவது வாரத்தில் வலது பாதத்தின் மேல்பக்கம் லேசாக வலிக்கிறது.

"இன்னாடா, கால இழுத்துக்கினு நடக்குற?" என்கிறார் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா. சுளுக்கிக்கிச்சு போல."

இரவு தைலம் தேய்த்து நீவிவிடுகிறார் அம்மா. காலையில் வலி குறைந்திருக்கிறது. மறுபடி ஓடுகிறான். இரண்டாவது கிலோமீட்டரில் வலி திரும்புகிறது.

இது சுளுக்காக இருக்கலாம். ஆனால், எலும்பில் மயிரிழை அளவுக்கு விழுந்த விரிசலாகவும் இருக்கலாம். மருத்துவர்கள் இதை 'ஸ்ட்ரெஸ் ஃப்ராக்ச்சர்' என்கிறார்கள். கீழே விழாமல், எதிலும் மோதாமல், ஓடி ஓடியே எலும்பில் ஏற்படும் முறிவு. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சில வார ஓய்வோடு முடியும். 'பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவோம்' என்று விட்டால், ஒரு சீசனோ ஓர் அரசு வேலையோ கைநழுவிப் போகலாம்.

சிந்துவுக்கும் வந்த வலி

'இதெல்லாம் சரியான ஷூ இல்லாத, பயிற்சியாளர் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் வரும்' என்று நினைக்க வேண்டாம். பி.வி.சிந்துவுக்கே வந்தது.

2022 ஆகஸ்ட், பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டி. காலிறுதியின்போதே சிந்துவின் இடது காலில் வலி. பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட் உதவியோடு சமாளித்துக்கொண்டு அரையிறுதி ஆடினார். ஆகஸ்ட் 8 அன்று இறுதிப் போட்டியில் கனடாவின் மிஷெல் லீயை 21-15, 21-13 என்று வீழ்த்தித் தங்கம் வென்றார். காலில் கட்டுடன் அவர் ஆடியதை நாடே பார்த்தது. உள்ளே இருந்த விரிசலைத்தான் யாரும் பார்க்கவில்லை.

வலி தாங்க முடியாமல் போக, ஹைதராபாத் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தது. இடது பாதத்தில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்ச்சர் என்று தெரிந்தது. அந்த மாதமே டோக்கியோவில் நடக்கவிருந்த உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து விலகுவதாக ஆகஸ்ட் 13 அன்று அறிவித்தார். 2019-ல் அதே போட்டியில் தங்கம் வென்றவர் அவர். சில வாரங்கள் என்று தொடங்கிய ஓய்வு, மாதங்களாக நீண்டது. 2023 ஜனவரியில் மலேசிய ஓப்பனில்தான் சர்வதேசக் களத்துக்குத் திரும்பினார். முதல் சுற்றிலேயே கரோலினா மரினிடம் தோற்றார்.

சிந்துவுக்கு இது புதிதும் அல்ல. 2015-லும் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்ச்சர் அவரை முடக்கிப்போட்டிருக்கிறது. அதிலிருந்து மீண்டு வந்துதான் 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். ஆக, இந்த விரிசல் வந்தால் விளையாட்டு வாழ்க்கை முடிந்துவிடும் என்பதில்லை. அதே நேரம், எவ்வளவு பெரிய வீராங்கனையானாலும் எலும்பு கேட்கிற நாள்களைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

எலும்பு ஏன் விரிசல் விடுகிறது?

கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். சாலை பழுதானால் முதலில் பழைய தாரைத் தோண்டி எடுக்க வேண்டும். பிறகுதான் புதிதாகப் போட முடியும். தோண்டிய இடத்தில் தார் போட்டு இறுகுவதற்குள் லாரிகளை விட்டால் என்ன ஆகும்? பள்ளம் பெரிதாகும்.

நம் எலும்பிலும் இதே வேலை ஓயாமல் நடக்கிறது. ஒரு வகை செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கும். இன்னொரு வகை செல்கள் அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டும். அரிக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டி இறுகுவதற்கோ மாதக்கணக்கில் ஆகும். திடீரென்று ஓட்டத்தைக் கூட்டும்போது, எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ள இந்த வேலையை முடுக்கிவிடுகிறது. அதனால் பயிற்சி தொடங்கிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் எலும்பு முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும். நம் கற்பனைப் பையனுக்கு நான்காவது வாரத்தில் வலி வந்தது தற்செயல் அல்ல.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு காலும் சுமார் 500 முறை தரையில் மோதும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். சுமை சமமாகப் பகிரப்படும் வரை பிரச்னை இல்லை. தேய்ந்துபோன ஷூ, மண்தரையிலிருந்து திடீரென கான்கிரீட்டுக்கு மாறுவது, களைத்துப்போன தசைகள் என ஏதாவது ஒன்று குறுக்கிட்டால், ஒரே இடத்தில் சுமை குவிகிறது.

இந்த நோயை முதலில் கண்டுகொண்டது விளையாட்டு உலகம் அல்ல, ராணுவம். 1855-ல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்துச் சென்ற வீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான், அந்த வீக்கத்துக்குப் பின்னால் இருப்பது எலும்பு முறிவு என்று படத்தில் தெரிந்தது. இன்றைக்கும் இதற்கு 'மார்ச் ஃப்ராக்ச்சர்' என்று ஒரு பெயர் உண்டு. காவலர், ராணுவத் தேர்வுகளுக்கு அவசர அவசரமாகத் தயாராகும் நம் பிள்ளைகளுக்கும் அந்த வீரர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா?

சாதாரண தசை வலியா, எலும்பு விரிசலா? வீட்டிலேயே உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால், சந்தேகப்பட சில அடையாளங்கள் உண்டு.

• 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்டால், தசை வலிக்காரர் உள்ளங்கையால் மொத்தமாகத் தடவிக் காட்டுவார். விரிசல் உள்ளவர் பெரும்பாலும் ஒற்றை விரலை எலும்பின் மேல் வைத்து 'இங்கேதான்' என்பார். அந்த இடத்தை அழுத்தினால் சுருக்கென்று வலிக்கும்.

• எப்போது அடிபட்டது என்று சொல்லத் தெரியாது. வலி கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கும்.

• ஓட ஓட வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். விரிசல் முற்ற முற்ற நடந்தாலே வலிக்கும். பிறகு இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கும்.

• பாதத்தின் மேல்பக்கம் லேசான வீக்கம் இருக்கலாம். தோலில் காயமோ, ரத்தக்கட்டோ இருக்காது.

• கடந்த ஒன்றிரண்டு மாதங்களில் ஓட்டத்தின் தூரம், வேகம், தரை, ஷூ ஆகியவற்றில் ஏதோ ஒன்று மாறியிருக்கும்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு அடியில் குத்தி, நாலு அடி நடந்ததும் குறைந்தால், அது குதிகால் சவ்வு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். குதிகாலின் இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்து அழுத்தும்போது வலி உயிர் போனால், குதிகால் எலும்பிலேயே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கும் சோதனையும் மருத்துவர்கள் செய்வதுதான். அதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். மயிரிழை விரிசல் முழு முறிவாகிவிடும்.

'எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லையே!'

பலர் ஏமாந்துபோகும் இடம் இதுதான். வலி வந்த வாரமே எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் எலும்பு பளிச்சென்று இருக்கும். 'ஒன்றுமில்லை' என்ற நிம்மதியோடு மறுநாள் ஓடப் போய்விடுவார்கள்.

ஸ்ட்ரெஸ் ஃப்ராக்ச்சர் முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்குப் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. விரிசல் அவ்வளவு நுண்ணியது. எலும்பு ஆற ஆரம்பித்து, விரிசலைச் சுற்றிப் புது எலும்பு படியும்போதுதான் படத்தில் வெள்ளையாகத் தெரியும். சிலருக்குக் கடைசி வரை தெரியாமலே போகும். ஆகவே முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதாலேயே விரிசல் இல்லை என்று ஆகிவிடாது. வலி தொடர்ந்தால் இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அதுவரை ஓடக் கூடாது.

ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ.தான் சிறந்த வழி. விரிசல் விழுவதற்கு முன்பே, எலும்புக்குள் நீர் கோத்திருப்பதை அது காட்டிவிடும். பாதத்தின் நடுவில் இருக்கும் சில எலும்புகளில் விரிசல் எவ்வளவு ஆழம் என்று அறிய சி.டி. ஸ்கேனும் தேவைப்படலாம். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும் என்பதில்லை. எந்த இடத்தில் வலி, எவ்வளவு நாளாக வலி என்பதை வைத்து மருத்துவர் முடிவு செய்வார்.

வட சென்னைக்காரர்களுக்கு அரசு ஸ்டான்லி மருத்துவமனை பக்கம். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. இரண்டிலும் எலும்பு சிகிச்சைப் பிரிவு உண்டு. போனவுடன் 'கால் வலி' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'ஓட ஆரம்பித்து நான்கு வாரம் ஆகிறது, இந்த ஒரு புள்ளியில் மட்டும் வலி, ஓடினால் கூடுகிறது' என்று சொல்லுங்கள். இந்த நோயைக் கண்டுபிடிக்க, ஸ்கேனுக்கு முன்பு மருத்துவருக்குத் தேவைப்படுவது இந்த விவரங்கள்தான்.

எந்த எலும்பு என்பதுதான் முக்கியம்

பாதத்தில் விரல்களுக்குப் பின்னால் ஐந்து நீள எலும்புகள் இருக்கின்றன. 'மெட்டாடார்சல்' என்பார்கள். இரண்டாவது, மூன்றாவது விரல்களுக்கு நேரான எலும்புகளின் நடுப்பகுதியில்தான் விரிசல் அதிகம் வரும். குதிகால் எலும்பிலும் வரும். இவை பெரும்பாலும் ஓய்விலேயே ஆறிவிடும்.

ஆறத் தாமதமாகும் இடங்களும் உண்டு. ஒன்று, சுண்டுவிரலுக்கு நேரான ஐந்தாவது எலும்பின் அடிப்பகுதி. இங்கே ரத்த ஓட்டம் குறைவு. இந்தப் பகுதியில் ஏற்படும் முறிவுக்கு 'ஜோன்ஸ் ஃப்ராக்ச்சர்' என்று பெயர். ராபர்ட் ஜோன்ஸ் என்ற எலும்பு மருத்துவர், நடனமாடும்போது தன் பாதத்தையே இப்படி முறித்துக்கொண்டு, 1902-ல் அதைப் பற்றி எழுதியதால் வந்த பெயர் அது!

இன்னொன்று, பாதத்தின் வளைவுக்கு மேலே, கணுக்காலுக்குச் சற்று முன்னால் இருக்கும் படகு வடிவ எலும்பு. பெயர் 'நேவிகுலர்'. சீனாவின் கூடைப்பந்து நட்சத்திரம் யாவ் மிங், 7 அடி 6 அங்குல உயரக்காரர். 2008 பிப்ரவரியில் இடது பாதத்தில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்ச்சர் வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். சொந்த நாட்டு ஒலிம்பிக் என்பதால், அதே ஆகஸ்ட்டில் பெய்ஜிங்கில் களமிறங்கினார். அடுத்த ஆண்டு அதே பாதத்தில் மறுபடி விரிசல். ஒரு சீசன் முழுவதும் போனது. பிறகும் காயங்கள் விடவில்லை. 2011 ஜூலையில், 30 வயதிலேயே ஓய்வு பெற்றார்.

சிகிச்சை என்ன?

எளிதில் ஆறும் இடம் என்றால், முதல் மருந்து ஓட்டத்தை நிறுத்துவதுதான். பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. வலியில்லாமல் நடக்க முடிந்தால் கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ போதும். நடந்தாலே வலித்தால், 'வாக்கிங் பூட்' எனப்படும் பாதக் கவசம் கொடுப்பார்கள். சிலருக்கு ஊன்றுகோல் தேவைப்படும்.

நேவிகுலர் போன்ற ஆபத்தான இடம் என்றால், 6 முதல் 8 வாரங்கள் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று மாவுக்கட்டு போடுவார்கள். விரிசல் ஆழமாக இருந்தாலோ, ஐந்தாவது எலும்பின் அடிப்பகுதியில் இருந்தாலோ, விளையாட்டு வீரர்களுக்கு ஸ்க்ரூ வைத்து இறுக்கும் அறுவை சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைக்கலாம்.

ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது அல்ல. மருத்துவர் அனுமதித்தால் சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம். இடுப்பளவுக்கு மேல் தண்ணீரில், கால் தரையில் படாமல் ஓடும் பயிற்சியும் உண்டு. மூச்சுத் திறன் குறையாது, எலும்புக்கும் அடி விழாது.

செய்யக் கூடாதவை மூன்று. முதலாவது, வலியுள்ள இடத்தில் நீவி, உருவிச் சுளுக்கு எடுப்பது. தைலம் தடவுவதால் கேடில்லை, விரிசலை அழுத்தி உருவுவதுதான் கேடு. படம் எடுத்துப் பார்க்காமல் இறுக்கிக் கட்டுப் போடுவதும் அப்படித்தான். இரண்டாவது, மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுவது. வலி என்பது எச்சரிக்கை மணி. மணியின் வயரை அறுத்துவிட்டால் தீ அணைந்துவிடாது. மூன்றாவது, புகை. சிகரெட் எலும்பு ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

தட்டில் என்ன இருக்கிறது?

எலும்பு கட்ட மூலப்பொருள் வேண்டும். '1,500 மீட்டர் ஓட உடம்பு குறைய வேண்டும்' என்று சோற்றைக் குறைத்துக்கொண்டு இரண்டு வேளை ஓடும் பிள்ளைகள் நிறைய பேர். எரிக்கிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால், எலும்பைக் கட்டும் வேலையை உடல் ஒத்திப்போட்டுவிடும்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயிற்சி கூடிய பிறகு மாதவிடாய் தள்ளிப்போகிறதா, நின்றே போய்விட்டதா? 'ஓடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தான் இருக்கும்' என்று விடாதீர்கள். சாப்பாடு போதவில்லை, ஹார்மோன் குறைகிறது, எலும்பு மெலிகிறது என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரிடம் இதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

கால்சியத்துக்கு விலை உயர்ந்த டப்பா எதுவும் வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. காசிமேட்டில் கிடைக்கும் நெத்திலியை முள்ளோடு சாப்பிடுகிறோமே, அந்த முள்ளே கால்சியம்தான். பால், தயிர், முட்டை, கீரை, எள் எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். வைட்டமின் டி குறைவு நம் ஊரில் சகஜம். ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்னால் மட்டும் மாத்திரை எடுங்கள். வாரம் ஒன்று என்று கொடுக்கப்படும் 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் போட்டால் ஆபத்து.

மறுபடி எப்போது ஓடலாம்?

காலண்டரைப் பார்த்து ஓடக் கூடாது. காலைக் கேட்டு ஓட வேண்டும். அழுத்தினால் வலி இல்லை, தொடர்ந்து ஒரு வாரம் வேகமாக நடந்தும் வலி இல்லை, மருத்துவரும் சரி என்கிறார் என்றால், மண்தரையில் ஆரம்பிக்கலாம். ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை. அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி எட்டிப் பார்த்தால் ஒரு படி பின்வாங்க வேண்டும். முதலில் தூரத்தைக் கூட்டுங்கள், பிறகு வேகத்தை. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். வாரத்துக்குச் சுமார் பத்து சதவிகிதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பயிற்சியாளர்களின் தோராயக் கணக்கு. 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடிய ஷூவுக்கு, வெளியே பளபளப்பாக இருந்தாலும், ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

மறுபடி நம் பையனிடம் வருவோம். உடல்தகுதித் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நிறுத்தினால் வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. தங்கத்துக்காக சிந்துவும் வலியோடு ஆடினார்தான். ஆனால், அவர் பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் இருந்தார். அப்படியிருந்தும் ஐந்து மாதங்கள் களத்துக்கு வெளியே இருக்க நேர்ந்தது. துணைக்கு யாரும் இல்லாத பையன், எந்த எலும்பில் விரிசல் என்றே தெரியாமல் ஓடினால், தேர்வு நாளன்று பாதி வழியில் உட்கார்ந்துவிடக்கூடும்.

அவன் முதலில் செய்ய வேண்டியது, இன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்ப்பது. எந்த எலும்பு என்று தெரிந்தால்தான், தேர்வு நாளில் ஓடலாமா, கூடாதா என்று மருத்துவரால் சொல்ல முடியும். அதுவரை சைக்கிள் இருக்கிறது. அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அறிவிப்பு வந்த பிறகு ஓட ஆரம்பிக்காதீர்கள். வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு கிலோமீட்டர் என்று இன்றிலிருந்தே மெதுவாகத் தொடங்குங்கள். எலும்பு இறுகுவதற்கு மாதங்கள் வேண்டும்.

அம்மாக்களே, அடுத்த முறை பிள்ளை காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தால், தைல பாட்டிலை எடுப்பதற்கு முன்பு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "எங்கடா வலிக்குது? ஒரு விரலால தொட்டுக் காட்டு."